ஒரு கை விரல்கள்

"வருஷத்துக்கு எத்தனை நாள்
தார் ரோட்டை விட்டு இறங்குவீங்க?"
டயர் கடை லீலண்ட் கேட்க
டெவ்லின் விரல்விட்டு எண்ணினான்.
நான்கு. ஒரு கை முடியவில்லை.

மற்ற நாளெல்லாம்
பள்ளிக்கூடம், பல் டாக்டர், பால்.
பியூட் நகரத்து மேட்டில் ஏறி இறங்கி
அதே பதினோரு மைல்.

சுவரில் சாய்ந்து நின்றது
என் கணவன் ஆசைப்பட்டது:
முதலை முதுகாய்க் கட்டை கட்டையாய் ரப்பர்,
பக்கவாட்டில் வெள்ளை எழுத்து.
"இரையும்" என்றார் லீலண்ட்.
"பெட்ரோலும் கொஞ்சம் கூடக் குடிக்கும்.
மழையில் பிரேக் பிடிக்க
சாதாரண டயரே தேவலை."

பின் சீட்டில் உறங்கும் ஹாட்டிக்கு
இரைச்சல் ஒரு பொருட்டில்லை.
விழித்திருக்கும் எனக்குத்தான்.

வேண்டாமென்று வாயெடுத்தேன்.
அந்த நான்கில் ஒன்று குறுக்கே வந்தது:
மார்ச் மாதம், பனி உருகிய சேறு,
அவன் தங்கை ப்ரைனா வீட்டுக்கு
இன்னும் மூன்று மைல்.
சக்கரம் சுற்றிச் சுற்றி அங்கேயே நிற்க
போனில் அவள் வலியை எண்ணிக்கொண்டிருந்தோம்.
எங்களை முந்திப் பிறந்துவிட்டது குழந்தை.
நலம்தான். இப்போது ஓடுகிறது.
டெவ்லின் அந்த இரவைப் பற்றிப் பேசியதே இல்லை,
டயர்களைப் பற்றித்தான் பேசுகிறான்.

முதலை வேண்டாம்,
பல் கொஞ்சம் நெருக்கமாய்,
மலையும் பனித்துளியும் முத்திரையிட்ட
நடுத்தர ரகத்தில் நான்கு எழுதச் சொன்னேன்.

"வெள்ளை எழுத்து உள்பக்கமா, வெளியிலா?"

"வெளியே" என்றேன்.
டெவ்லின் ரசீதைப் படிப்பவன்போல்
குனிந்துகொண்டான்.