எந்தப் பக்கம்

அமலோற்பவி அக்கா ஃபர்ஸ்ட் இயர் தாண்டியதும்
பாதி செட் எலும்பை எனக்கு விற்றாள்.
ஒன்பதாயிரம். பேரம் கிடையாது.
இடது கை, இடது கால், பன்னிரண்டு விலா,
ரஸ்க் டப்பா நிறைய முதுகெலும்பு,
கடைசியில் பழைய சுங்குடித் துணி சுற்றிய மண்டையோடு.
"தாடை ஸ்பிரிங் மட்டும் லூசு" என்றாள்
சைக்கிள் விற்பவள் மாதிரி.

ஸ்டடி லீவுக்குப் பாண்டியிலிருந்து கடலூர் பஸ்.
மடியில் பை, பைக்குள் தலை.
அரியாங்குப்பம் தாண்டி ஒரு வேகத்தடை:
உள்ளே ஏதோ உருண்டது. டிக்.
கிருமாம்பாக்கத்தில் இன்னொரு தடவை. டிக்.
பக்கத்து சீட்டுக்காரர் பையைப் பார்த்தார்.
"கொப்பரையாம்மா?"
"ஆமாங்க" என்றேன்.

வலது பக்கம் உட்கார்ந்திருந்தார்,
அதனால் கேட்டது.

பொட்டெலும்பின் உட்புறத்துக்குப் பாறை என்று பெயர்.
உடம்பில் அதைவிட இறுகியது இல்லை.
பாறைக்குள் ஒரு நத்தை,
இரண்டரைச் சுற்றில் சுருண்டு கிடக்கும்.
அதன் வாசலில்
சுத்தி, பட்டடை, அங்கவடி.
கொல்லனும் இல்லை, குதிரையும் இல்லை.
இந்தக் காதில் மூன்று, அந்தக் காதில் மூன்று,
பிறந்த அன்றைய அளவேதான் சாகிற அன்றும்.
மற்ற இருநூறும் வளர்ந்து
நம்மை நடக்கவும் சண்டை போடவும் விட்டபோது
இந்த ஆறும் அப்படியே இருந்துவிட்டன,
அரிசிக் குறுணை போல.
கழன்று டிக்கென்பது அதில் ஒன்று.
பட்டடையாக இருக்கலாம், அதற்குத்தான் கொஞ்சம் கனம்.

வீட்டில் அம்மா
ஐஸ் ஃபேக்டரி ஷிப்ட் முடித்து வந்து
ஈரக் கையைத் துடைத்துவிட்டுத்தான் தொட்டாள்.
"ஆம்பளையா பொம்பளையா?"
புருவமேடு சமமாக இருக்கிறது, பொம்பளைதான்.
உச்சியில் ஓடும் கோணல் கோட்டை விரலால் தடவி
"இதான் தலையெழுத்தா?" என்றாள்.
"எழுத்தில்லம்மா, தையல். எலும்பும் எலும்பும் சேர்ற இடம்."
"கோணலா தைச்சிருக்கான்."
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"காது எங்கடி?"

ஓட்டைதான் மிஞ்சும்மா.
நாம காதுன்னு சொல்றதெல்லாம்
முதலில் போயிடும்.

அம்மாவின் கை அவள் காதுக்குப் போனது.
அங்கே தோட்டுக்குப் பதில் ஈர்க்குச்சி.
தோடு பேங்க்கில் இருந்தது,
ஒன்பதாயிரத்துக்கு.

எனக்கு ஆறு வயதில் இடது காதில் சீழ்.
பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், பஞ்சு,
மறுபடி சீழ், மறுபடி பஞ்சு.
பறையில் விழுந்த ஓட்டையைச் சொல்ல
பத்து வருஷம் கழித்து ஒரு டாக்டர் கிடைத்தார்.
அதற்குள் நான் எல்லா வகுப்பிலும்
இடது ஓரத்து பெஞ்சில் உட்காரப் பழகியிருந்தேன்.

வைவாவில் இடம் தேர்ந்தெடுக்க முடியாது.
வெளியூர் எக்ஸாமினர் எனக்கு இடப்பக்கம்.
மேலே மின்விசிறி கிறீச்சிட்டது.
கையில் ஒரு எலும்பை வைத்து ஏதோ கேட்டார்.
வால் மட்டும் வந்து சேர்ந்தது:
"…எந்தப் பக்கம்?"

"முதுநகர் சார்.
ஹார்பர் போற வழியில, ஐஸ் ஃபேக்டரி பக்கம்."

அட்டெண்டர் நாகமுத்து சிரிப்பை விழுங்கினார்.
எங்கள் மேடம் குனிந்து ரிஜிஸ்டரில் எதையோ தேடினார்.
நான் கையைப் பார்த்தேன்.
கன்னத்துக்குப் போகும் முளை முன்னால்,
செதில் மேலே,
பாறை உள்ளே, ஓட்டை வெளியே.

"இடது, சார்" என்றேன்.
தலையைத் திருப்பி வலது காதை அவரிடம் நீட்டி
"எனக்கும் அதான் சார்."

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்.
பிறகு அவர்
அடுத்த கேள்வியை ஊருக்கே கேட்கும்படி கத்தினார்:
"அங்கவடி! எந்த! சன்னல்ல! உட்காரும்?"

நீள்வட்டச் சன்னல்.
பதிலை மிக மெதுவாகச் சொன்னேன்.

அவர் எழுந்து, மேஜைமேல் குனிந்து,
கையைக் காதருகே குவித்து
"என்னம்மா?" என்றார்.