புறங்கை

சுவரைத் தொடுவதானால் புறங்கையால் தொடுங்கள்
என்றார் நிப்ராஸ்.
உள்ளங்கை பிடித்துக்கொள்ளும்.
பிறகு விடச் சொன்னாலும் விடாது.

ஹட்டனில், டிக்கோயா வீதிக்கு மேலே
அறுபத்திரண்டு படி ஏறினால் அந்த வீடு.
வாடகை பதினையாயிரம், அட்வான்ஸ் மூன்று மாதம்.
நாற்பத்தையாயிரத்தைச் சந்தனம் முதலாளி
எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார்.
வயரிங்கை நான் ஒரு தரமும் பார்க்கவில்லை.
வெயில் அடித்த நாள். மலை தெரிந்தது,
சுவர் காய்ந்திருந்தது,
அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

ஜூனில் மழை பிடித்தது.
சுவர் குடிக்கத் தொடங்கியது.
குளிக்கிற குழாய் கடித்தது,
முதலில் எறும்பு போல, பிறகு நாய் போல.
"அம்மா, குழாய்க்கு இன்னைக்குக் கோவமா?"
என்று கேட்டுவிட்டுத்தான் லக்ஷிகா குளிக்கப் போவாள்,
என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு.

பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் விழும்.
தூக்குவேன். விழும்.
அந்த வீட்டில் பொய் சொல்லத் தெரியாதது
அது ஒன்றுதான்.
சொன்னேன். முதலாளியே ஏணியோடு வந்தார்.
அதைத் தாண்டி வயரை நேராகப் பூட்டினார்.
"இனி விழாது."
விழவில்லை.
அன்றிரவுதான் எனக்கு முதல் முறை தூக்கம் போனது.

டவுனில் அவருக்கு ஹார்ட்வெயார் கடை.
வாசலிலேயே எர்த் கம்பிகள் சாத்தியிருக்கும்,
செம்பு பூசி, என் தோளுயரம்.
வேலைக்குப் போகையில் ஒரு தரம், வருகையில் ஒரு தரம்
அவற்றைப் பார்த்துக்கொண்டு நடப்பேன்.

லைட் பில்லின் பின்பக்கம் எழுதி வைத்தேன்:
ஜூன் ஒன்பது, சொன்னேன்.
ஜூன் இருபத்தொன்று, சொன்னேன், சிரித்தார்.
ஜூலை முப்பது, கடையில் ஆள் நிற்குது, பிறகு வா.

ஆகஸ்டில் ஒரு விடியற்காலை
கேத்தலைப் போட்டேன். மீன் கருகுகிற வாசம்.
வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் மீன் இல்லை.
பிளக் பொயின்ட் உருகி
சுவரில் ஒரு பிள்ளையின் கை அளவுக்குக் கரி.

நிப்ராஸ் கழற்றிப் பார்த்தார்.
பச்சை வயர் இருந்தது.
மண்ணுக்குத்தான் போகவில்லை.
சுவருக்குள் ஒரு சாண் போய்
சும்மா நின்றது.

வீட்டை விட்ட அன்று கீழே, வீதியோரம்,
குடைக்குள் கணக்குப் பார்த்தார் முதலாளி.
ஆணி நாலு, இரண்டாயிரம்.
பிளக் பொயின்ட், மூவாயிரத்து ஐந்நூறு.
சுவர்க் கறுப்பு, ஆறாயிரம்.
"சேதத்துக்குக் கழிப்பேன்னு அக்ரிமென்ட்ல இருக்கே?"
இருக்கிறது. கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.
யார் செய்த சேதம் என்றுதான் அதில் இல்லை.

மிச்சத்தை இந்த முறை ஒரே தரம் எண்ணிக் கொடுத்தார்.
சாவிக்குக் கையை நீட்டினார்.
நான் அதைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இது என்கிட்ட அட்வான்ஸா இருக்கட்டும், முதலாளி.
கம்பி உங்க கடை வாசல்லயே நிக்குது.
அடிச்சு இறக்குங்க. ட்ரிப் சுவிட்சைத் திரும்பப் பூட்டுங்க.
நிப்ராஸ் பார்த்துச் சரின்னு சொன்னா
அப்படியே தாறேன்,
ஒரு ஆணிக்கும் கழிக்காம."

கத்தினார். ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
அவரிடம் இன்னொரு சாவி இருக்கும், எனக்குத் தெரியும்.
கை நடுங்கியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் படியில் புதிதாகக் குடிவருகிறவர்கள்.
அவன் தோளில் கேஸ் சிலிண்டர்.
அவள் கையில் துவாய்க்குள் சுற்றிய பிள்ளை,
பிறந்து மாதம் மூன்று இருக்கும்.
அவன் சிலிண்டரை இறக்கி வைத்தான்.
அவள் முதலாளியைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தாள்.

"எந்தக் குழாய், அக்கா?"

மறுபடியும் அறுபத்திரண்டு படி.
நான் முன்னால் ஏறினேன்.