மூன்றாவது தகடு

பாகம் பிரித்தபோது
விபூதிப் பொட்டலம்போல் சீட்டு மடித்துக் குலுக்கினோம்.
பத்து டன் பிரஸ் எனக்கு விழுந்தது.
புரோச் பெட்டி பட்டீஸ்வரனுக்கு.
லேத்து எங்கள் இருவருக்கும் இல்லை, பேங்குக்கு.
ஆவாரம்பாளையத்து ஷெட்டின் நடுவே
தகரத் தடுப்பொன்று எழும்பியது, மேலே ஒரு முழம் விட்டு.
அந்த ஒரு முழத்தில்
அவன் ரேடியோ எனக்கும் என் இருமல் அவனுக்கும்.

புரோச் இல்லாத பிரஸ்ஸில் அப்பளம் நொறுக்கலாம்.
பிரஸ் இல்லாதவன் அந்தப் பல்வரிசையைத்
துடைத்துத் துடைத்து வைக்கலாம்.
ஆகவே நிரஞ்சன் நடந்தான்,
பாலசோரிலிருந்து வந்தவன்,
மத்தியானம் வரை அவனிடம் கூலி, பிறகு என்னிடம்.
எண்ணெய்த் துணியில் எட்டு எம்.எம். புரோச்சைச் சுற்றி
பாம்பு பிடித்தவன்போல் கைநீட்டிக் கொண்டுவருவான்.
துளைக்கு நாலு ரூபாய் வாடகை,
தடுப்பின் இரண்டு பக்கமும் சாக்பீஸில்.

ஆடிக்காற்று தகரத்தை அறைந்த ஒரு செவ்வாய்,
சூலூரிலிருந்து சாக்கில் அறுபது உருப்படி.
துளை இருபத்தைந்து, காடி எட்டு,
ஆழம் மூன்று புள்ளி மூன்று.
"பொழுதோட வேணுமுங்க" என்றார் டெம்போக்காரர்.

வேலை இவ்வளவுதான்:
துளைக்குள் புஷ், புஷ்ஷின் வாய்க்காலில் புரோச்,
மேலிருந்து பிரஸ்.
ஒவ்வொரு பல்லும் முன்பல்லைவிட மயிரிழை உயரம்,
தன் பங்கை மட்டும் கடித்துக்கொண்டு கீழே போகும்.
பிறகு முதுகுக்கு ஒரு தகடு கொடுத்து மறுபடி,
இரண்டாவது கொடுத்து மறுபடி,
மூன்றாவது.
காடி அப்படித்தான் ஆழமாகிறது.
வேறென்னவெல்லாம் அப்படி ஆழமாகுமோ,
எனக்கு எட்டு எம்.எம்.தான் தெரியும்.

வார்ப்பிரும்பு மாவாய் உதிரும், எண்ணெய் கேட்காது.
எஃகு சுருளும், எண்ணெய் குடிக்கும்,
தடவைக்குத் தடவை பல்லிடுக்கைத் துலக்கச் சொல்லும்.
சாக்கின் அடியில் மூன்று எஃகு ஹப் கலந்திருந்தது.
நான் பார்க்கவில்லை. என் தோளுக்கும் காதுக்கும் நடுவே
பேங்க்காரர் பேசிக்கொண்டிருந்தார்.
நிரஞ்சன் ஏதோ சொன்னான், ஒடியாவில்.
மூன்றாவது தகட்டில்
பாதி போய் நின்றது புரோச்.

கேஜ் முள் ஏறியது.
சேற்றில் மாடு முக்குவதுபோல் ஒரு சத்தம்.
தடுப்புக்கு அந்தப் பக்கம் ரேடியோ அணைந்தது.

புரோச் அவனுடையது, அழுத்தம் என்னுடையது,
ஹப் சூலூர்க்காரருடையது,
மூன்றும் இப்போது ஒரே இரும்பு.
கை லீவரில். இன்னும் கொஞ்சம் இழுத்தால்
போகும், இல்லை ஒடியும்.

"உடு."

நாலு மாதத்தில் முதல் சொல்.
பிறகுதான் ஆள் வந்தது, செருப்பில்லாமல்.
என்னைப் பார்க்கவில்லை.
கீழே கிடந்த சுருளை எடுத்து விரலில் சுற்றினான்.
"எண்ணெ?"
"வெக்கல."
"தொலக்குனயா?"
"இல்ல."
"வார்ப்புன்னு நெனச்சுட்டயாக்கு."

ஹப்பைத்தான் அறுத்தோம்.
கட்டிங் வீல் அவனது, கரண்ட் என் மீட்டரில்.
காடிக்கு எதிர்ப்பக்கம் பிளந்ததும்
கிண்ணென்றது. துணிமேல் விழுந்தது புரோச்.
பற்களை அவன் எண்ணினான், நானும் எண்ணினேன்,
இருவரும் உதடு அசைக்காமல்.
ஒன்றும் போகவில்லை.

ஹப் முந்நூற்று நாற்பது ரூபாய்.
சாக்பீஸை எடுத்து
என் பக்கத் தகரத்தில் நூற்றெழுபது எழுதினான்.
தன் பக்கம் போய் எழுதும் கீறல் கேட்டது.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
ரேடியோ மறுபடி பாடவும் இல்லை.

மறுநாள் நிரஞ்சன் வந்தான்.
ஒரு கையில் துணிச்சுற்று,
மறுகையில் நான் கேட்காத எண்ணெய்க் கேன்.
தகடுகள் மூன்றும் என் டிராயரில்தான் கிடக்கின்றன.
சீட்டில் அவற்றை எழுத இருவருமே மறந்திருந்தோம்.

சாக்கில் இன்னும் இரண்டு எஃகு பாக்கி.
பிரஷ்ஷை எடுத்து
முதலில் பல்லைத் துலக்கினேன்.