இருமிய இடம்

கிளாஸ்கோ. ஆயிரத்து எழுநூற்று நாற்பத்திரண்டு.
கோடை முழுக்க மழை; ஆனாலும்
மலைச்சரிவில் கூட்டம் குறையவில்லை.
நெசவாளிகள் தறியை நிறுத்திவிட்டு வந்தார்கள்,
முழங்கால் சேற்றில், முகம் வானத்தில்.
யாரோ ஒருத்தி அலறி விழுவாள்.
அவளைப் பிடிக்கப்போனவளும் விழுவாள்.
என் மனைவி கிரிசல் மூன்றாவது வாரம் விழுந்தாள்.
எழுந்ததும் நேராகப் போய்
பால்காரிக்கு இரண்டு வருஷமாக வைத்திருந்த
நாலு பென்னி பாக்கியைத் தீர்த்தாள்.
நான் விழவில்லை.
எனக்கு முழங்கால் வலி.

என் வேலை எழுத்து.
பகலில் மியூர்ஹெட் கம்பெனியில் புகையிலைக் கணக்கு.
இரவில் சபைக்குக் கடிதப் பிரதி:
அமெரிக்காவிலிருந்து எழுப்புதல் செய்தி வந்தால்
பத்து ஊருக்குப் பத்து.
இரண்டுக்கும் ஒரே இறகு, ஒரே மைக்கூடு.
இரண்டும் வருவது ஒரே கப்பலில்தான்.
கடிதத்தைப் பிரித்தால்
பக்கத்துப் பீப்பாயின் காரம்
அல்லேலூயாவுக்கு நடுவே தும்ம வைக்கும்.

அந்த வாரக் கடிதம் வர்ஜீனியாவிலிருந்து.
ஒரு களஞ்சியத்தில், பிரசங்கம் பாதியில் இருக்க,
ஜூனோ என்ற அடிமைப் பெண் எழுந்து
"என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்" என்று கத்தினாளாம்.
அவளும் எஜமானின் மகளும்
ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்களாம்.
"தேவனிடத்தில் பட்சபாதம் இல்லை என்பதைக்
கண்ணால் கண்டோம்" என்று முடித்திருந்தார் போதகர்.
அழகான கையெழுத்து.

ஏழு பிரதி முடித்துப் படுத்தேன்.
காலையில் கணக்குப் புத்தகம்.
அதே பண்ணை. அதே எஜமான்.
நாற்பது பீப்பாயில் பதினொன்று குறைவு.
நமக்கு வரவேண்டிய பாக்கிக்காக அங்கே விற்றவை:
சாம்பல் குதிரை ஒன்று,
செப்புக் கொப்பரை இரண்டு,
ஜூனோ, வயது பத்தொன்பது, முப்பத்திரண்டு பவுன்.
கூட்டிப் பார்த்தேன். சரி.
மறுபடி கூட்டினேன்.
ஒரு தப்பாவது இருந்திருக்கலாம்.

எட்டாம் பிரதி எங்கள் சபைக்கு.
அதில் கடைசிக்கு முந்தின வரியாக
நானே ஒன்று சேர்த்தேன்:
"இவள் மார்ச்சில் விற்கப்பட்டாள்; பணம் கிளாஸ்கோவுக்கு வந்தது."
துணிச்சல் என்று யாரும் சொல்லவேண்டாம்.
முன்னே எழுதிய ஏழையும்
அப்படியே தபாலில் போட்டவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை மூப்பர் ஆர்பக்கிள் வாசித்தார்.
குரல் அவருக்குக் கணீரென்று இருக்கும்.
களஞ்சியம் வந்தது, ஜூனோ வந்தாள்,
பெண்கள் முந்தானைத் துணியில் முகம் புதைத்தார்கள்.
முன்வரிசையில் மியூர்ஹெட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
நடிப்பில்லை; பக்கத்திலிருந்து பார்த்தேன், நிஜக் கண்ணீர்.
பிறகு மூப்பர் கொஞ்சம் நிறுத்தினார்.
தாளைக் கிட்டே கொண்டுபோனார்.
இருமினார்.
"ஆமென்" என்றார்.

கிரிசலுக்கு வாசிக்கத் தெரியும்.
எழுத மட்டும் யாரும் கற்றுத் தரவில்லை.
இரவு, கஞ்சிப் பானையைச் சுரண்டியபடி கேட்டாள்:
"அவர் இருமிய இடத்தில் என்ன இருந்தது?"
சொன்னேன்.
சுரண்டல் நின்றது.
என் வாயிலிருந்த புகைக்குழாயை எடுத்து,
கோபமாகக்கூட இல்லை,
ஜன்னலுக்கு வெளியே மழையில் வைத்தாள்.

அடுத்த வாரம் திருவிருந்து.
ஈய வில்லை வைத்திருப்பவர்களுக்கே மேஜையில் இடம்.
அதற்காக எட்டு மாதம் காத்திருந்தவள்,
வரிசையில் நின்று, தன் முறை வந்ததும்
வில்லையை மூப்பரின் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள்.
"எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது" என்றாள்.
அவர் இருமவில்லை.
எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன்.
துறைமுகத்தில் புதுக் கப்பல்.
வீட்டில் ஒன்பதாம் பிரதி பாதியில் கிடக்கிறது,
களஞ்சியக் கதவு திறக்கும் வரியில்.
பத்தாவதற்குத் தாள் இருக்கிறது.
குழாய் இன்னும் வெளியேதான்;
அதில் தண்ணீர் நிறைந்துவிட்டது.