ஈரத்துக்குக் கழிவு

விரல் நுனி இரத்தத்தில் ஒன்றுமில்லை என்று
மூன்று முறை எழுதிக்கொடுத்தவள் நான்தான்.
தொண்ணூற்றாறு, ஐப்பசி மழை, பதுளை ஆஸ்பத்திரி.
ஜன்னலோர நுணுக்குக்காட்டியில்
நூறு புலம் பார்த்தேன், இருநூறும் பார்த்தேன்.
வெளியே வாங்கில் செவனம்மா
புருஷனின் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

பசறைப் பக்கத்துத் தோட்டம். தலைப்பிள்ளை.
இந்த உயரத்தில் நுளம்பு உண்டு, அந்த நுளம்பு இல்லை.
ஐந்தாம் மாதத்தில் கீழே இறங்கி
மொனராகலையில் கரும்பு வெட்டப் போயிருக்கிறாள்.
திரும்பி வந்த பஸ்ஸில்
டிக்கட் எடுக்காமல் கூடவே ஏறியிருக்கிறது காய்ச்சல்.

பிள்ளை பிறந்த பிறகுதான் அகப்பட்டது.
நஞ்சுக்கொடியில் ஒரு துண்டு வெட்டி
கண்ணாடியில் ஒற்றி, சாயமூற்றிப் பார்த்தால்
முழுக் கூட்டமும் அங்கே நின்றது,
உடம்பெல்லாம் ஓடித் திரியாமல்
தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவிலிருக்கிற
அந்த ஒற்றைச் சுவரில் ஒட்டிக்கொண்டு.
வெள்ளணுக்களின் வயிற்றில் கறுப்புத் துகள்,
ஃபெக்டரியில் சலித்து மிஞ்சிய கடைசித் தூள் மாதிரி.

சைட்டோகைன் என்றார் டொக்டர் அபேகோன்.
படம் கீறியும் காட்டினார், அம்புக்குறி போட்டு.
எனக்கு அது லயத்துப் பாஷையில்தான் விளங்கியது.

பிள்ளை என்பது பாதி தகப்பன்.
பாதி அந்நியனை உள்ளே வைத்துக் காக்க
தாயுடம்பு தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளும்,
கதவை மெல்லச் சாத்தும்,
யாரும் அதட்டாதே என்று
அணுவுக்கு அணு சொல்லியனுப்பும்.
அந்த நேரம் பார்த்துக்
கிருமி சுவரில் வந்து குந்தினால்
எந்தச் சொல்லை அனுப்புவது?

பெரட்டுத் தப்பு அடிபடுகிறது.
டீ.என்.எஃப்., இன்டர்ஃபெரோன்:
ஓடி வா, கத்தியோடு வா.
பின்னாலேயே இன்டர்லூக்கின் பத்து ஓடி வந்து
சத்தம் போடாதே, பிள்ளை தூங்குது என்கிறது.
இரண்டும் ஒரே வீட்டு ஆட்கள்.
இரண்டு சொல்வதும் சரி.
சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவில்
பிள்ளையை யாரும் அடிக்கவில்லை.
ஆனால் சண்டை நடக்கிற வீட்டில்
அடுப்பு எரிவதில்லை.

ஒரு கிலோ எண்ணூற்றைம்பது.
எடை சொன்னதும் செவனம்மா கேட்டாள்:
"ஈரத்துக்கு எவ்வளவு கழிச்சீங்க, மிஸ்?"

நேர்ஸுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியும்.
கூடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று
கொழுந்துத் தராசில் கழிபட்டுக் கழிபட்டு
நிறுத்ததற்கும் எழுதியதற்கும் இடையில்
எங்கோ கொஞ்சம் தன்னுடையது கிடக்கும் என்று
பழகிப்போனவள்.
கழிக்கவில்லை என்றேன்.
அவள் நம்பவில்லை.
நான் சொன்னது உண்மையா என்று
எனக்கும் நிச்சயமில்லை.

ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் போன இரத்தத்தின் முடிவு
ஏழு மாதம் கழித்து வந்தது.
நாளத்துக்குள் அரைமணி நேரம்கூடத் தங்காத
ஒரு சொல், எங்களை எட்ட எடுத்த காலம் அது.
தோட்டத்துக்கு எழுதினேன்.
ஆள் இல்லை என்று திரும்பி வந்தது கடிதம்,
மூலையில் யாரோ தேத்தண்ணி சிந்தியிருந்தார்கள்.

அடுத்த பிள்ளைக்கு, மறுபடி இதே காய்ச்சல் வந்தாலும்,
உடம்பு அந்தச் சுவரைக் காக்கக் கொஞ்சம் பழகியிருக்கும்
என்கிறார் டொக்டர்.
இருக்கலாம். பாடத்துக்கு ஃபீஸ் கட்டியது
இன்க்குபேட்டரில் கிடந்த பையன்.

பழைய கொப்பியைத் தேடி எடுத்து
மூன்று 'இல்லை'களுக்குப் பக்கத்தில், இடமில்லாத இடத்தில்
பென்சிலால் எழுதினேன்: இருந்தது.

வாங்கிலிருந்து அடுத்த ஆள் எழுந்து வந்து
விரலை நீட்டினார்.