ரிவர்ஸ் கியர்

கோத்தகிரி டானிங்டனுக்குக் கீழே போஜனின் கடை.
பழைய ஸ்டீரியோ வர மறுத்தது.
இரண்டு கத்தி செருகி உருவினான்.
வயிற்றில் சிக்கிய சிடியோடு வந்தது.
கூடலூர்க்காரர் விற்ற வண்டி;
யார் பாட்டோ, நாங்கள் கேட்கவில்லை.

மஞ்சளுக்கு மஞ்சள், கறுப்புக்குக் கறுப்பு.
ஊதா எதற்கென்று அவனுக்கும் தெரியவில்லை,
டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டான்.

ஒன்பது அங்குலத் திரை விழித்தது.
குளிரில் விறைத்த என் விரலை
விரலென்றே அது ஏற்கவில்லை.
ஊதித் தேய்த்துத் தொட்டேன்.

"ரிவர்ஸ் போடுங்ணா, கேமரா பாக்கலாம்."
வெள்ளை. முழுக்க வெள்ளை.
"படமே இல்லையே?"
"பனிங்ணா அது."

பிறகு பனிக்குள் இரண்டு கொம்பு.
பச்சைக் கோடு தாண்டி, மஞ்சள் தாண்டி
சிவப்பில் வந்து நின்றது காட்டுமாடு.
மூச்சு விட்டது.
லென்ஸ் மங்கியது.

பீப் பீப் பீப்.
இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.
திரையைப் பார்த்தபடியே போஜன்
வால்யூமைக் குறைத்தான்.