இரண்டரை கிலோமீட்டர்

நாலு இருபது பஸ்ஸுக்கு மூணு மணிக்கே எழுப்பப் போனேன்.
சஷ்மிதா கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள்.
மதுரை என்றால் முந்தின ராத்திரி தூக்கம் கிடையாது அவளுக்கு.
"ஊசி இல்லதான?"
"இல்ல."
"காலுக்கு அளவு எடுக்க?"
"இல்லடி. நடக்கப் போறோம்."
சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.
அவள் சிரித்தாள்.

பஸ்ஸின் முதல் படி என் முழங்காலுக்கு மேலே.
பத்து வயசு, இருபத்துமூணு கிலோ,
இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறியது.
பின்னால் மடக்கின நாற்காலியோடு ஒச்சப்பன்.
அவருக்கும் பின்னால் தருண், ஒரு காலில் மட்டும் ஷூவோடு.
செக்கானூரணி வரைக்கும் அதை நான் கவனிக்கவில்லை.

கண்டக்டர் அட்டை கேட்டார்.
எண்பது சதவீதம் என்று டாக்டர் எழுதித் தந்த அட்டை.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.
"நாற்காலிக்கு லக்கேஜ் போடணும்" என்றார்.
போடவில்லை.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் எல்லோருக்கும் மஞ்சள் பனியன்,
எல்லாம் ஒரே அளவு.
முதுகில் 'சேர்ந்து நடப்போம்'.
சஷ்மிதாவுக்கு 'நடப்போம்' மடிந்து
உட்காரும் இடத்துக்கு அடியில் போய்விட்டது.
காலேஜ் பிள்ளைகள் செல்ஃபி எடுத்தார்கள்.
பார்வை இல்லாத நாலு பேர்
ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து
யாரும் சொல்லாமலே வரிசையாக நின்றார்கள்.
ஏழு மணிக்குத்தான் விருந்தினர் வந்தார்.

மேடைக்கு ஐந்து படி.
கழுத்தில் அட்டை தொங்க ஒரு பையன் ஓடி வந்தான்.
பாப்பா கையால் பூங்கொத்து கொடுக்கணுமாம்,
நாற்காலியோடு தூக்க நாலு பேர் ரெடியாம்.
சஷ்மிதா வாயைத் திறந்தாள்.
அவள் பேச்சு
அடைத்த குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி,
முதலில் காற்று, பிறகு ஒரு சொட்டு,
பிறகுதான் வரும்.
"அவ... ர... கீழ வரச் சொல்லு... ங்க."

"என்ன சொல்லுது?" பையன் கேட்டது என்னை.

"கூச்சப்படுறா" என்றேன்.

தூக்கினார்கள். போட்டோ எடுத்தார்கள். இறக்கினார்கள்.
அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

அழகர்கோவில் ரோட்டில் மஞ்சளாக நகர்ந்தது கூட்டம்.
காந்தி மியூசியம் வரைக்கும் இரண்டரை கிலோமீட்டர்.
பாதியில்
சாக்கடை மூடியின் இடுக்கில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது.
ஒச்சப்பன் குனிந்து இழுக்கிறார், தருண் தள்ளுகிறான்,
எங்களைச் சுற்றிக்கொண்டு போகிறது விழிப்புணர்வு.
பேண்டு வாத்தியம் போனது, ஆம்புலன்ஸ் போனது,
காலிப் பாட்டில் பொறுக்குகிற அம்மாவும் போனார்.
சக்கரம் வெளியே வந்தபோது
ரோடு வழக்கமான ஞாயிற்றுக்கிழமை ஆகியிருந்தது.

எதிரே பருத்திப்பால் வண்டி.
அந்த ரோட்டில் படி இல்லாத கடை அது ஒன்றுதான்,
அதற்கும் சக்கரம்.
"நாலு குடுங்க" என்று ஒச்சப்பன் சொல்ல,
வண்டிக்காரர் கரண்டியைக் கையில் வைத்தபடி
சஷ்மிதாவைப் பார்த்துக் கேட்டார்:
"ஒனக்கு எப்பிடித்தா வேணும்?"

காற்று. ஒரு சொட்டு.
என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
கடித்துக்கொண்டேன்.
அந்த மனிதருக்கு ஒன்றும் அவசரம் இல்லை,
டம்ளரைத் துடைத்தார், இன்னொரு டம்ளரையும் துடைத்தார்.
"சுக்கு... கம்மி. தேங்கா... நெறய."
"அப்பிடிச் சொல்லு" என்று ஊற்றினார்.
பாதி பனியனில் கொட்டியது,
பாதி உள்ளே போனது.
அதற்குள் காந்தி மியூசியத்தில் எல்லோரும் நடந்து முடித்து
சான்றிதழ் வாங்கியிருப்பார்கள்.
தருண் மட்டும் கொஞ்ச நேரம் அழுதான், கேசரிப் பொட்டலத்துக்காக.

திரும்பும் பஸ். ஆரப்பாளையம்.
வேறு கண்டக்டர், அதே கேள்வி, அதே மாதிரி என்னைப் பார்த்து:
"எங்க எறங்கணும்?"
ஒச்சப்பனின் முழங்கையைப் பிடித்தேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
"உ... சி..."
அவள் ஊர்ப்பெயரைச் சொல்லி முடித்தபோது
காளவாசல் சிக்னல் எங்களுக்குப் பின்னால் இருந்தது.
டிக்கெட்டைக் கிழிக்காமல்
அவர் நின்றுகொண்டே இருந்தார்.